வண்டியின் முதுகில் எழுதிய எண்கள்



பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். வேகம், விலை, எந்த நடிகரிடம் எந்தக் கார் இருந்தது என்பதெல்லாம் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். நான் அந்த வண்டிகளின் பின்பக்கத்தில் பொருத்தியிருக்கும் எண்களிலிருந்து தொடங்குகிறேன். 356, 911, 300 எஸ்எல், 507, 2002, 3.0 சிஎஸ்எல். இங்கிலாந்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பிட்ஃபயர் என்று போர்விமானத்தின் பெயரை வைத்தார்கள். இத்தாலியில் லம்போர்கினி சண்டைக் காளைகளின் பெயர்களைத் தேடிப் போனார். ஜெர்மானியர்கள் பெரும்பாலும் எண்ணோடு நின்றுகொண்டார்கள். அலுவலகப் பதிவேட்டில் விழுந்த வரிசை எண், அல்லது இன்ஜினின் கொள்ளளவு, அவ்வளவுதான். கூட ஓர் எழுத்து ஒட்டியிருந்தால், யாரோ எடையைக் குறைத்திருக்கிறார்கள் அல்லது பெட்ரோல் போகும் வழியை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் அந்த வண்டி ஏன் பிறந்தது என்பதும் விளங்கிவிடும். வண்டியின் பின்பக்கத்தில் பெயர் ஏறாமல் போன இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் இன்று சொல்லியாக வேண்டும்.

முதலில் போர்ஷே. 1931-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷே ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது கார் தொழிற்சாலை அல்ல. மற்ற கம்பெனிகளுக்கு வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம். வருகிற ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். முதல் வேலை வாண்டரர் கம்பெனிக்கான ஒரு கார். அதற்கு 1 என்று போடாமல் 7 என்று போட்டார்கள், புதிதாகக் கடை திறந்தவர்கள் என்று வாடிக்கையாளர் எண்ணிவிடக் கூடாதே என்று. 22 என்பது ஆட்டோ யூனியன் பந்தயக் கார். 60 என்பது பின்னாளில் உலகமெங்கும் பீட்டில் என்று அறியப்பட்ட ஃபோக்ஸ்வாகன். அந்த வரிசையில் வந்ததுதான் 356.

அதற்குப் போவதற்கு முன், அலுவலகத்தைத் தொடங்கியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். போர்ஷே, அவருடைய மருமகன் அன்டோன் பியெக், மூன்றாவதாக அடோல்ஃப் ரோசன்பெர்கர். நான் சொன்ன இருவரில் முதல்வரான ரோசன்பெர்கர் பந்தய ஓட்டுநர், வியாபாரம் தெரிந்தவர், ஆரம்ப நாட்களில் பணத்துக்கு வழி பார்த்தவர். அவர் யூதர். 1935-ல் அவருடைய 10 விழுக்காடு பங்கு முகமதிப்பிலேயே வாங்கப்பட்டது. அதே ஆண்டு கெஸ்டபோ அவரைக் கைது செய்து கிஸ்லாவ் முகாமில் அடைத்தது. விடுதலையான பின் நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் அமெரிக்கா சேர்ந்து, ஆலன் ராபர்ட் என்ற பெயரில் வாழ்ந்தார். போருக்குப் பின் வழக்குத் தொடுத்தார். 50,000 மார்க்கும் ஒரு காரும் என்று சமரசம் முடிந்தது. கம்பெனிக்குள் அவர் திரும்பி வரவில்லை. ஃபெர்டினாண்ட் போர்ஷேயோ 1937-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், டாங்கிகள் வடிவமைத்தார். ஃபோக்ஸ்வாகன் ஆலையில் போர்க்காலத்தில் கட்டாய உழைப்பாளிகள் வேலை வாங்கப்பட்டார்கள். இந்தக் கார்களை நான் நேசிக்கிறேன். நேசிப்பதனாலேயே இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

குண்டுவீச்சுக்குப் பயந்து 1944-ல் அலுவலகம் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற சிற்றூருக்கு, ஒரு மரம் அறுக்கும் ஆலைக்குள் இடம்பெயர்ந்தது. போர் முடிந்ததும் தந்தையைப் பிரெஞ்சு அதிகாரிகள் பிடித்துப் போய்விட்டார்கள். மகன் ஃபெர்ரி போர்ஷேயிடம் இருந்தவை ஃபோக்ஸ்வாகனின் பாகங்களும் தேர்ந்த சில பொறியாளர்களும்தான். புது இன்ஜின் வார்க்க வசதி இல்லை. இரும்புத் தகடுகூட எளிதில் கிடைக்காது. இருந்ததை வைத்துச் செய்தார்கள். 1131 சிசி ஃபோக்ஸ்வாகன் இன்ஜினைத் திருத்தி 35 குதிரைத்திறன் எடுத்து, அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உடல் செய்து மூடினார்கள். 1948 ஜூன் 8 அன்று அந்த முதல் வண்டி பதிவானது. எடை 585 கிலோ. 35 குதிரைத்திறன் கேட்பதற்குச் சொற்பம்தான். ஆனால் அந்த எடைக்கு அது மணிக்கு 135 கிலோமீட்டர் போனது. போர்ஷேயின் முழுக் கதையும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது: சக்தியைக் கூட்ட முடியாவிட்டால் எடையைக் குறை.

க்முண்டில் கையால் செய்தவை சுமார் 50 வண்டிகள். 1950-ல் ஸ்டுட்கார்ட்டின் ட்சூஃபன்ஹவுசனுக்குத் திரும்பி எஃகு உடலோடு உற்பத்தி தொடங்கியது. 1965 வரை ஏறக்குறைய 76,000. நடுவில் 356 ஏ, பி, சி என்று எழுத்துகள் ஏறின. அவை வெறும் வரிசை எழுத்துகள், வேறு பொருள் தேட வேண்டாம். கரேரா என்ற பெயர் மட்டும் இந்த வரிசைக்கு வெளியிலிருந்து வந்தது. மெக்சிகோவின் நெடுஞ்சாலைகளில் 1950 முதல் 1954 வரை நடந்த கரேரா பனமெரிக்கானா பந்தயத்தில் போர்ஷே 550 ஸ்பைடர் தன் பிரிவில் வென்றது. 1954-ல் ஹான்ஸ் ஹெர்மான் 1.5 லிட்டர் இன்ஜினோடு, பெரிய பெரிய கார்களுக்கு நடுவே ஒட்டுமொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். அதில் இருந்தது எர்ன்ஸ்ட் ஃபூர்மான் வடிவமைத்த நான்கு கேம்ஷாஃப்ட் இன்ஜின். கேம்களைச் சுற்றுவது செயின் அல்ல, தண்டுகளும் கோணப் பற்சக்கரங்களும். டைமிங் வைக்கத் தேர்ந்த மெக்கானிக்குக்கே மணிக்கணக்கில் ஆகும். அந்த இன்ஜினை 356-க்குள் வைத்து விற்றபோது கரேரா என்ற பெயரும் கூடவே வந்தது. இன்று அந்தச் சொல்லை எதற்கெடுத்தாலும் ஒட்டுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இனி இரண்டாவது மனிதர், மாக்ஸ் ஹாஃப்மான். வியன்னாவில் 1904-ல் யூதத் தந்தைக்குப் பிறந்தவர். கார் வியாபாரி, பந்தயமும் ஓட்டியவர். நாஜிகளுக்குத் தப்பி பாரிஸ் போய், அங்கிருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தார். போருக்குப் பின் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்தார். நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் அவருக்காக ஷோரூம் வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட். தன்னை விரட்டிய உலகத்திலிருந்தே கார்களை வாங்கி விற்றார். இன்ன மாதிரி வண்டி செய்து கொடுங்கள், விற்றுத் தருகிறேன் என்று கம்பெனிகளை நெருக்கினார். விலை குறைந்த, ஜோடனை இல்லாத ஒரு திறந்த 356 வேண்டும் என்றார். 1954-ல் ஸ்பீட்ஸ்டர் வந்தது, 3,000 டாலருக்குள். மெர்சிடிஸ் நிர்வாகத்திடம் பந்தயக் காரைச் சாலைக்கு இறக்கித் தாருங்கள் என்றார். அதிலிருந்து வந்தது 300 எஸ்எல். இந்த வண்டியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1951-ல் மெர்சிடிஸிடம் இருந்த பெரிய இன்ஜின், 300 என்ற கனமான செடானின் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின். 115 குதிரைத்திறன். பந்தயத்துக்குத் தனி இன்ஜின் செய்யப் பணம் இல்லை. பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹௌட் இன்ஜினை ஏற்றுக்கொண்டு எடையில் கைவைத்தார். மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்து ஒரு கூண்டு. எந்தக் குழாயும் வளையும் விசையைத் தாங்காது. இழுவையும் அழுத்தமும் மட்டுமே. கூண்டின் எடை சுமார் 50 கிலோ. லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த உங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று நான் விளக்க வேண்டியதில்லை. எஸ்எல் என்பது சூப்பர் லைஷ்ட், அதாவது மிக இலேசு. 300 என்பது 3 லிட்டர். செடானிலிருந்து எடுத்த இன்ஜின், ஊலன்ஹௌட் குறைத்த எடை, இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன.

அந்தக் கூண்டு உறுதியாக நிற்க வேண்டுமானால் பக்கவாட்டில் குழாய்கள் உயரமாகப் போக வேண்டும். சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. ஆகவே கதவின் கீலைக் கூரையில் வைத்து மேல்நோக்கித் திறந்தார்கள். முதலில் அது ஜன்னல் அளவுதான் இருந்தது. 1952 லெ மான்ஸ் பந்தயத்துக்கு முன் பக்கவாட்டிலும் கொஞ்சம் வெட்டி இறக்கினார்கள். பறவைச் சிறகு என்று உலகம் கொண்டாடும் அந்தக் கதவை அழகுக்காக யாரும் வரையவில்லை. அந்த ஆண்டு லெ மான்ஸில் வெற்றி. மெக்சிகோவிலும் வெற்றி. அங்கே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பிணந்தின்னிக் கழுகு முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. பக்கத்தில் இருந்த ஹான்ஸ் கிளெங்க் நினைவிழந்தார். கார்ல் கிளிங் தொடர்ந்து ஓட்டினார். மறுநாள் கண்ணாடிக்கு முன்னே இரும்புக் கம்பிகள் பொருத்திப் போனார்கள்.

சாலைக்கான 300 எஸ்எல் 1954 பிப்ரவரியில் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமானது. ஹாஃப்மானின் ஊர்! அதற்குள் ஊலன்ஹௌட் குழு கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, போஷ் கம்பெனியின் பம்ப் மூலம் பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்திருந்தது. போர் விமான இன்ஜின்களில் பழகிய தொழில்நுட்பம் அது. இந்த முறையோடு நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்து விற்பனைக்கு வந்த கார்களில் இதுவே முதல். அதே 3 லிட்டரில் 215 குதிரைத்திறன். பானட்டைத் தாழ்த்துவதற்காக இன்ஜினையே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

உட்காருவதே ஒரு வித்தை. கதவைத் தூக்கி, அகலமான விளிம்பின் மேல் முதலில் அமர வேண்டும். ஸ்டியரிங் சக்கரம் மடியும். அதை மடித்துக் காலை உள்ளே செலுத்தி, இருக்கைக்குள் சரிந்து, சக்கரத்தை மீண்டும் நிமிர்த்திப் பூட்டி, கையை நீட்டிக் கதவை இழுத்து மூட வேண்டும். பக்கக் கண்ணாடி கீழே இறங்காது. வெயில் நாளில் உள்ளே வேகும். கண்ணாடியைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டு ஓட்டுவார்கள். இன்ஜினை நிறுத்திய பின்னும், அது சுழன்று ஓயும்வரை பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு இறங்கி ஆயிலில் கலக்கும். அதனால் ஆயிலை அடிக்கடி மாற்றியாக வேண்டும். பின் ஆக்ஸிலும் வளைவில் நடுவே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் மன்னிக்காது. இத்தனைக்கும் 1,400 வண்டிகள் விற்றன, பெரும்பகுதி அமெரிக்காவில். 1957-ல் கூண்டின் பக்கவாட்டைத் தாழ்த்தி, சாதாரணக் கதவோடு திறந்த ரோட்ஸ்டராக மாற்றினார்கள். 1963 வரை 1,858 செய்தார்கள்.

அதே நியூயார்க் மேடையில் 190 எஸ்எல்லும் நின்றது. 1.9 லிட்டர், நான்கு சிலிண்டர், 105 குதிரைத்திறன். இது செடானின் தளத்தில் செய்த வண்டி, குழாய்க் கூண்டு கிடையாது. எஸ்எல் என்ற எழுத்துகள் இதில் பாதிப் பொய் என்பது என் கருத்து. ஆனால் 25,881 விற்றது. 1963-ல் வந்த 230 எஸ்எல்லின் கூரை நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்திருந்ததால் அதற்குப் பகோடா என்று பட்டப்பெயர். 250, 280 என்று லிட்டர் ஏறியது, பெயரும் கூடவே ஏறியது.

இன்னொரு மெர்சிடிஸ் எண் உண்டு: 722. அது மாடல் எண் அல்ல. 1955 மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ், டெனிஸ் ஜென்கின்சன் இருவரின் 300 எஸ்எல்ஆர் கிளம்பிய நேரம், காலை 7 மணி 22 நிமிடம். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் ஆயிரம் மைலை முடித்தார்கள். ஜென்கின்சன் பாதை முழுவதையும் ஒரு காகிதச் சுருளில் எழுதி வைத்துக்கொண்டு சைகை காட்டியபடி வந்தார். அடுத்த மாதம் லெ மான்ஸில் அதே வகைக் கார் ஒன்று பார்வையாளர்களுக்குள் சிதறி விழுந்தது. ஓட்டுநர் பியர் லெவெக்கும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். ஆண்டின் முடிவில் மெர்சிடிஸ் பந்தயத்திலிருந்து விலகியது.

இனி மியூனிக்குக்கு, பிஎம்டபிள்யூவிடம் வருவோம். பிஎம்டபிள்யூவின் 328, 1936-ல் தொடங்கி மொத்தம் 464 மட்டுமே செய்த 2 லிட்டர் வண்டி. இலேசானது, ஓட்ட இனிமையானது. 1940-ல் இத்தாலியில் நடந்த ஆயிரம் மைல் பந்தயத்தை வென்றது. வென்ற ஹூஷ்கே ஃபான் ஹான்ஸ்டைனின் ஓட்டுநர் உடுப்பில் எஸ்எஸ் படையின் சின்னம் இருந்தது. பல புத்தகங்களில் அந்தப் படத்தைப் பார்க்கலாம்.

507-க்கும் காரணம் ஹாஃப்மான்தான். 5,000 டாலரில் ஒரு அழகான திறந்த கார் கொடுங்கள் என்றார். ஆல்பிரெக்ட் கெர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளரையும் அவரே சேர்த்துவிட்டார். 501, 502 செடான்களும் 503 கூப்பேயும் இருந்த குடும்பத்தில் 507 பிறந்தது. 3.2 லிட்டர் அலுமினிய வி8, 150 குதிரைத்திறன். என் கண்ணுக்கு ஜெர்மனியில் வரைந்த கார்களிலேயே இதுதான் அழகு. ஆனால் கையால் செய்த உடல் விலையை ஏறக்குறைய இரு மடங்காக்கிவிட்டது. ராணுவ சேவையில் ஜெர்மனியில் இருந்த எல்விஸ் பிரெஸ்லி ஒன்று வாங்கினார். எல்விஸ் வாங்கினால் போதுமா? 1956 முதல் 1959 வரை மொத்தம் 252 வண்டிகள், விற்ற ஒவ்வொன்றிலும் நஷ்டம். பெரிய செடான்களின் நஷ்டமும் சேர்ந்துகொண்டது. 1959 டிசம்பர் 9 பொதுக்குழுவில் பிஎம்டபிள்யூவை டைம்லர்-பென்ஸுக்கு விற்கும் திட்டமே முன்வைக்கப்பட்டது. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் எழுந்து நின்று தடுத்தார்கள். ஹெர்பர்ட் குவாண்ட் என்ற பங்குதாரர் தன் முதலீட்டைக் கூட்டிக் கம்பெனியைக் காப்பாற்றினார்.

அப்படிப் பிழைத்த கம்பெனி 1968-ல் விட்ட வண்டிதான் 2002. அது ஆண்டு அல்ல. 2000 சிசி, இரண்டு கதவு. கம்பெனியின் இரண்டு மூத்த பொறியாளர்கள், அலெக்ஸ் ஃபான் ஃபால்கன்ஹௌசனும் ஹெல்முட் வெர்னர் போன்ஷும், ஒருவருக்கொருவர் தெரியாமல் தத்தம் 1600 காரில் 2 லிட்டர் இன்ஜினை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இருவர் காரும் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அமெரிக்காவிலிருந்து ஹாஃப்மானும் வேகமான வண்டி கேட்டுக்கொண்டிருந்தார். 1973-ல் 2002 டர்போ வந்தது, 170 குதிரைத்திறன். அதே ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் வந்தது, 1,672-உடன் நின்றுபோனது. அந்தக் காலத்தின் 3.0 சிஎஸ்எல்லில் கடைசி எல் என்பது லைஷ்ட்பௌ, இலேசான கட்டுமானம்: மெல்லிய தகடு, அலுமினியக் கதவு, அலுமினிய பானட். அதன் பெரிய பின்சிறகுக்கு ஜெர்மன் சாலையில் அனுமதி இல்லை. ஆகவே சிறகை டிக்கியில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர் தானே மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆடி கம்பெனியை ஒரு வாக்கியத்தில் கடப்பது நியாயமில்லை என்று தெரியும். ஆனாலும் 1980 ஜெனிவாவில் வந்த குவாட்ரோ நான்கு சக்கரத்துக்கும் சக்தி கொடுத்து ரேலிப் பந்தயத்தை மாற்றியது, 1981 சான்ரெமோவில் மிஷேல் மூட்டோன் அதை ஓட்டி உலக ரேலிச் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார் என்று மட்டும் சொல்லிவிட்டு 911-க்கு வருகிறேன்.

1963 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அது 901 என்ற பெயரில் நின்றது. 356-லிருந்து 901-க்கு ஏன் தாவினார்கள்? ஃபோக்ஸ்வாகனோடு இணைந்து விற்கும் எண்ணம் இருந்தது. அவர்களுடைய ஸ்பேர் பார்ட் பட்டியலில் 900-க்கு மேல் எண்கள் காலியாக இருந்தன. பிரான்சின் பெஜோ கம்பெனி மறுத்தது. நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்க எண்கள் 1929-ன் 201 முதல் தங்களுடையவை என்றது. போர்ஷே சண்டைக்கு நிற்கவில்லை, சுழியத்தை ஒன்றாக்கியது. ஆனால் பாகங்களின் மேல் அச்சாகியிருந்த 901 அப்படியே தங்கிவிட்டது. ஆரம்பகால 911-இன் ஒரு பாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த எண்தான் தொடக்கத்தில் இருக்கும்.

ஃபெர்ரியின் மகன் ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே வரைந்த உடல். காற்றால் குளிரும் 2 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், பின் ஆக்ஸிலுக்கும் பின்னால். 130 குதிரைத்திறன், மணிக்கு 210 கிலோமீட்டர். ஓட்டுநருக்கு முன்னே ஐந்து வட்ட மீட்டர்கள். நடுவில் பெரிதாக இருப்பது வேகமானி அல்ல, இன்ஜின் சுழற்சியைக் காட்டும் மீட்டர். சாவி இடப்பக்கம். ஆயில் அளவைப் பார்க்க வேண்டுமானால் இன்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும், ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால்.

பாரம் எல்லாம் பின்னால் இருந்ததால் ஈரச் சாலையில் வால் சுழன்றது. ஆரம்பத்தில் முன் பம்பருக்குள் இரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்துச் சமாளித்தார்கள். எடையைக் குறைத்தே பெயர் வாங்கியவர்கள் எடையைச் சேர்க்க வேண்டி வந்தது. 1969 மாடலில் பின் சக்கரத்தை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிய பிறகுதான் அது அடங்கியது.

போர்ஷேயில் எழுத்துகள் இங்கேதான் பொருளோடு வருகின்றன. டி என்றால் டூரிங், விலை குறைந்தது. இ என்றால் ஐன்ஷ்பிரிட்சுங், பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. எஸ் வேகமானது. டார்கா, சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்திலிருந்து வந்த பெயர். ஆர்எஸ் என்றால் ரென்ஷ்போர்ட், பந்தய விளையாட்டு. 1972 அக்டோபரில் பாரிஸில் காட்டிய கரேரா ஆர்எஸ் 2.7, பந்தய விதிப்படி 500 வண்டிகள் விற்றாக வேண்டும் என்பதற்காகச் செய்தது. 210 குதிரைத்திறன். இலேசான வகையில் பின் இருக்கை கிடையாது, கடிகாரம் கிடையாது, தகடும் கண்ணாடியும் மெல்லியவை. பானட்டில் இருக்கும் உலோகச் சின்னத்தையும் எடுத்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எடை 960 கிலோ. பின்னால் வாத்துவால் போல நிமிர்ந்த ஒரு தகடு, வண்டியின் வாலைச் சாலையில் அழுத்திப் பிடிக்க. விற்பனைப் பிரிவு 500 போகுமா என்று அஞ்சியது, 1,580 போயின.

பின்பக்கத்தில் 911 என்று இருந்தாலும் உள்ளே எண்கள் மாறிக்கொண்டே வந்தன. 1974-ன் டர்போ 930. 1988-ல் வந்தது 964. 1993-ல் 993, காற்றால் குளிரும் கடைசி 911. 1998-ல் அது நின்றது. அடுத்து வந்த 996-க்குத் தண்ணீர். பிறகு 997, பிறகு பின்னோக்கி 991, பிறகு 992. இன்று யாராவது 911-க்கு ஒரு வாட்டர் பம்ப் வேண்டும் என்று கடையில் கேட்டால், எந்த 911 என்றுதான் முதலில் கேட்பார்கள். 993 என்று பதில் வந்தால், அதற்கு வாட்டர் பம்ப் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.